ரசம் குடித்த தட்டு

சொந்தத் தொழில் தொடங்கியவன் தன் சரக்கை மாமனார் வீட்டு விசேஷத்தில் மட்டும் அறிமுகப்படுத்தக் கூடாது. சொதப்பினால் ஆயுளுக்கும் தப்ப முடியாது.

அம்பத்தூரில் பார்த்துவந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, பருத்திப்பட்டு ஏரியில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை அள்ளிக் காயவைத்து, கூழாக்கி, சாப்பாட்டுத் தட்டு செய்ய ஆரம்பித்திருந்தேன். (உலகத்து ஏரிகள் எல்லாம் என்னை நம்பித்தான் இருக்கின்றன என்ற நினைப்பு வேறு.) வீட்டில் இட்லி வைத்துப் பார்த்தேன். பிரமாதம். சட்னியை மனைவி கலா தனிக் கிண்ணத்தில் வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

மாமனார் திருநெல்வேலிக்காரர், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேக்காட்டில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார்.

"வாழையிலை வேண்டாம் மாமா. என் தட்டுலயே பரிமாறலாம்."

"ஒழுகாதுல்லா மாப்ள?"

"ஒரு சொட்டு ஒழுகாது."

ஒழுகவில்லை. அதுதான் வினை.

முதல் பந்தியில் மாமனாரின் பழைய ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"இன்னாபா, எனக்கு மட்டும் சாம்பார் ஊத்தல?"

"இப்பத்தான நைனா ஊத்திகினு போனேன்."

மறுபடி ஊற்றினார். இருவரும் தட்டையே பார்த்தார்கள். சாம்பார் மெல்ல இறங்கி மறைந்தது. முருங்கைக்காய் மட்டும் தரைதட்டிய படகு போலக் கிடந்தது.

"நைனா, நீ கைய எடு. தட்டு துன்னுது" என்றார் பரிமாறுகிறவர்.

ரசம் வந்ததும் தட்டுகள் பூரியாக உப்பின. கூட்டுக்கும் பொரியலுக்கும் நடுவே மேடு தட்டியது. முதல் பந்தி முடிவதற்குள் சாம்பார் அண்டா காலி.

மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மாப்ள, வந்தவுகள்லாம் பசியோட இருக்காவ. தட்டு மட்டும் ரெண்டு வாட்டி சாப்புட்டிருக்கு."

வாழையிலை வாங்க ஆள் ஓடியது. நான் சமையல்கட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் போனேன். போன வேகத்தில் பாயசப் பாத்திரத்தையும் தட்டிவிட்டேன். கலா மிச்சமிருந்த தட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாயசம் காணாமல் போனது. முந்திரி மட்டும் மிஞ்சியது.

"இதத் தட்டுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றாள்.

இப்போது கால்மிதி செய்கிறோம். பூந்தமல்லி வரை நன்றாகப் போகிறது. மாமனார் வீட்டுக் குளியலறை வாசலிலும் ஒன்று கிடக்கிறது. ஈரக்காலோடு யார் வந்தாலும் அவர் நாற்காலியிலிருந்தே எச்சரிப்பார்:

"பாத்து மிதிங்க. காலைலேருந்து அது ஒண்ணும் சாப்பிடல."