‘குடை’ வெளியே போயிருக்கு

திங்கட்கிழமை காலை வந்த சுற்றறிக்கையை நூலகர் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அது அதையேதான் சொன்னது.

மூன்று ஆண்டுகளாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்கள் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறும். அங்கிருந்து காகித ஆலை, ஆலையில் கூழ். ஊழியர்கள் தங்கள் பேரில் எடுத்தால் கணக்கில் சேராது.

அவருக்கு ஏழு புத்தகங்களைப் பற்றித்தான் கவலை. ஊரையே சிரிக்க வைத்த அந்த நாவலாசிரியர் மொத்தம் எட்டு எழுதினார். ‘சம்பந்தி குடை’யைப் படிக்காதவர்கள்கூட அதன் பேரைக் கேட்டதும் சிரிப்பார்கள். மற்ற ஏழையும் சீந்துவாரில்லை. நூலகரின் மனைவி மட்டும் நோய்ப் படுக்கையில் ஏழையும் படித்தாள்.

“குடையை ஊரே தூக்கி வெச்சிக்குது. இந்த ஏழும் பாவங்க, பந்தியில எடம் கிடைக்காத பிள்ளைங்க மாதிரி நிக்குது. நீங்களாவது பார்த்துக்கோங்க” என்றாள். நான்காம் நாள் கண்ணை மூடினாள்.

அன்றிலிருந்து அவர் சொல் தவறவில்லை. ‘குடை’ கேட்டு வருகிறவர்களிடம், “வெளியே போயிருக்கு. இதைப் படிச்சுப் பாருங்களேன்” என்று ஏழில் ஒன்றை நீட்டுவார். ‘குடை’ அவர் மேசையின் கீழ் இழுப்பறையில் படுத்திருக்கும். நல்ல காரியத்துக்கு ஒரு சின்னப் பொய்யை ஆண்டவன் பொறுத்துக்கொள்வான் என்று நம்பினார். வந்தவர்கள்தான் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அன்று ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார்.

“குடை வந்துடுச்சா?”

“வெளியே போயிருக்கு. இந்தாங்க, ‘கடைசிப் பல்’.”

“என் வாயில இருக்கிறதைச் சொல்றீங்களா?” என்று முறைத்தாலும், நூலகரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டார்.

மீதி ஆறையும் எதிர்க்கடை முடிதிருத்துபவர் தலையில் கட்டினார் நூலகர். கடையில் காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று.

புதன்கிழமை முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு வந்தார்.

“சிரிப்பு எழுத்தாளர்னுதானே சொன்னீங்க? மூணாவது அத்தியாயத்துல ஒருத்தர் தேம்பித் தேம்பி அழுதுட்டார். தலை ஆடி, காதுக்கு மேல ஒரு பக்கம் வழிச்சுட்டேன்!”

“சிரிப்பு பின்னாடி வரும்.”

“அதுக்குள்ள முடி வருமா சார்?”

வியாழக்கிழமை இன்னொரு சுற்றறிக்கை. நாளை பதினொரு மணிக்கு எல்லாப் புத்தகங்களும் நூலகத்தில் இருக்க வேண்டும். இல்லாதவற்றின் பேர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். பிறகு சேர்க்க முடியாது.

நூலகர் கடைக்கு ஓடினார். பெஞ்சில் ஒரு புத்தகமும் இல்லை.

“ஆளுக்கொண்ணா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. திட்டிக்கிட்டேதான் போனாங்க. ஆனா முடிவு தெரியணுமாம்” என்றார் முடிதிருத்துபவர்.

கொட்டும் மழையில் ஆறு வீடு ஏறி இறங்கினார் நூலகர். “ஆண்டவனே, ஏழு புத்தகத்தையும் கரை சேர்த்துடு” என்று வாய் முணுமுணுத்தது. வெள்ளி காலை ஆறையும் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்து அடுக்கச் சொல்லிவிட்டு, தபால்காரர் வீட்டுக்கு நடந்தார்.

ஒற்றை அறை. கொடியில் ஈரச் சட்டைகள். தபால்காரர் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“பதினஞ்சு பக்கம் பாக்கி. இப்பப் பிடுங்கினா உங்களுக்குப் புண்ணியம் கிடைக்காது” என்றார், தலை நிமிராமல்.

மணி பத்து. பிடுங்கத்தான் வந்திருந்தார் நூலகர். ஆனால் வரியின் அடியில் நகர்ந்த அந்த விரலைப் பார்த்ததும் அவருக்கு வேறொரு விரல் ஞாபகம் வந்தது. நனைந்த செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, “படிங்க” என்று எதிரில் உட்கார்ந்தார்.

தபால்காரர் முகவரி படிக்கிறவர்போல் எழுத்தெழுத்தாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் திடீரென்று சிரித்தார். அவள் சிரித்த அதே இடம். நூலகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவரும் ஒரே குடையில் நூலகத்துக்கு விரைந்தபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. அதிகாரி வாசற்படியிலேயே ஏழாவது புத்தகத்தின் தேதிச் சீட்டைப் பார்த்தார், பட்டியலில் ‘சரி’ குறி போட்டார், லாரியில் ஏறிப் போனார்.

ஏழும் பிழைத்தன. மனைவி போன இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நூலகர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

“இதைப் படிச்சப்புறம் குடையை மறுபடி படிக்கணும்னு இருக்கு. அதுல நான் எதையோ தவறவிட்டிருக்கேன். எப்பதான் வரும் அது?” என்றார் தபால்காரர்.

இனிப் பொய் எதற்கு? “வந்தாச்சு. உங்களுக்குத்தான் முதல்ல” என்று மேசைக்குப் போய், குனிந்து கீழ் இழுப்பறையை இழுத்தார். காலியாக இருந்தது. மேல் இழுப்பறையையும் இழுத்தார்.

பெருக்குகிற அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“அந்தக் குடைப் புத்தகமா சார்? இழுப்பறையைத் திறந்து பார்த்துட்டு அதிகாரி அதைத்தான் முதல் மூட்டையில போட்டார். மூணு வருஷமா ஒருத்தர்கூட எடுக்கலையாமே!”