மெல்லிய சத்தமுள்ள பெட்டி

பர்மா ரோடு, பினாங்கு.
1943 ஆவணி.

மகா கனம் பொருந்திய மச்சான் குலசேகரம் அவர்களுக்கு, உம்முடைய தங்கை வள்ளிநாயகியைக் கட்டியதைத் தவிர வேறு குற்றம் அறியாத விநாசித்தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். சுங்கை பாக்காப் தோட்டத்தில் நீரும் சுகமாக இருக்க வேண்டும். நேரில் வந்து உம்மைக் கேட்க வேண்டியவை நிறைய உண்டு. தபாலில் போட்டால் தணிக்கைக்காரர் படிப்பார். ஆகவே மரவள்ளிக்கிழங்கு வாங்க அந்தப் பக்கம் வரும் வண்டிக்காரர் கமாலுதீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தோட்டத்துத் துரை ஜப்பான்காரர் வந்ததும் ஓடிப்போனபோது விட்டுப்போன மின்சாரக் கித்தாரை நீர்தான் உம் தங்கைக்கு அனுப்பினீர். பள்ளிக்கூடம் மூடிப் பாட்டு டீச்சர் வேலையும் போய்ச் சோர்ந்திருந்தவள், அதை மடியில் கிடத்தி இரும்புத் துண்டை நரம்பின்மேல் இழுத்துப் பார்த்தாள். கொசு முனகுகிற அளவுகூடக் கேட்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாமல் அது வாய் திறக்காதாம். பக்கத்து வீட்டு மாடியில் ஜப்பான் அதிகாரி குடியிருக்கிறார், ஆகவே மெல்லிய சத்தமுள்ள, சுலபமாக இயக்கக்கூடிய பெட்டியாகப் பார்த்து அனுப்பும் என்று உமக்கு எழுதினேன். மெல்லிய, சுலபமான. இந்த இரண்டில் எந்தச் சொல் உமக்கு விளங்கவில்லை?

நீர் முதலில் அனுப்பியது, மூடிக்கிடந்த படக்கொட்டகையின் பெட்டி. அது வாசலால் நுழையாமல் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதில் எத்தனையோ திருகுகள், ஒன்றிலும் பெயர் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் திருகினேன். அது போட்ட ஊளையில், விமானம் குண்டு போட வருகிறது என்று தெருவே ஓடிப் பதுங்குகுழியில் இறங்கியது. அடுத்த வீட்டு நூர் பீவி கொதிக்கும் கறிச்சட்டியோடு இறங்கினார். கறி கொட்டியதற்கு இன்றைக்கும் என்னிடம் நியாயம் கேட்கிறார்.

அதைத் திருப்பி அனுப்பியபின் சின்னப் பெட்டி வந்தது. ஒரே திருகு, யாரும் இயக்கலாம் என்று பெருமையாக எழுதியிருந்தீர். வாஸ்தவம். சத்தமும் மெல்லியதுதான். ஆனால் உம் தங்கை வாசிப்பை நிறுத்தியதும் அது தானாகப் பேசத் தொடங்கியது மச்சான். ஊரிலுள்ள வானொலி நிலையம் எப்படியோ அதற்குள் புகுந்து, ஒரு மனிதர் விடாமல் ஜப்பான் பாஷையில் செய்தி வாசிக்கிறார். திருகை முழுக்கக் குறைத்தாலும் முணுமுணுக்கிறார்.

நூர் பீவி வந்துவிட்டார். தண்ணீர் இலாகாவில் கணக்கெழுதுவதால் அவருக்கு நான் கிராணி.

"என்னா கிராணி, ஒங்க வீட்ல ரேடியோ பேசுது. களவா ரேடியோ வச்சிருந்தா புடிச்சிட்டுப் போயிடுவான்லா."

"அது ரேடியோ இல்லை, கித்தார்ப் பெட்டி."

"கித்தார் ஜப்பான் பாஷை பேசுமா கிராணி?"

மறுநாள் மத்தியானம் அந்த அதிகாரியே வாளோடு வந்து நின்றார். பெட்டியை வெறும் அரிசிப் பானைக்குள் அமுக்கிப் போர்வையால் மூடினேன், மின்சாரத்தைப் பிடுங்க மறந்துபோனேன். பானை செய்தி வாசித்தது. அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். உம் தங்கைதான் கித்தாரை மடியில் வைத்து வாசித்தாள். அவர் கேட்டார், கேட்டார், பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கித்தாரைத் தரும்படி கை நீட்டினார்.

மச்சான், அந்த மனிதர் அவளைவிட நன்றாக வாசிக்கிறார். எல்லாம் ஹவாய்ப் பாட்டு. எதிரி நாட்டுப் பாட்டு என்று அவர்கள் ஆட்களுக்கே அது தடையாம். "பெரிய அதிகாரிக்குக் கேட்கக் கூடாது. சின்னச் சத்தம், ரொம்ப நல்லது" என்று அரைகுறை இங்கிலீசில் சொல்லிப் பெட்டியைத் தடவிக் கொடுத்தார். அன்றிலிருந்து பின்னேரந்தோறும் வருகிறார். ஜப்பான் அதிகாரி ஜப்பான்காரரிடம் பிடிபடாமல் இருக்க நான் வாசலில் காவல். தெருவில் என்னை உளவாளி என்கிறார்கள். தண்ணீர் இலாகாவில் பக்கத்து மேசைக்காரர் மேசையையே தள்ளிப் போட்டுவிட்டார். வீட்டுக்குள் வந்து வாய் திறந்தால், "சத்தம் போடாதேங்கோ, அவர் வாசிக்கிறார்" என்கிறாள் உம் தங்கை. என் வீட்டில், மச்சான், என் வீட்டில்.

ஆகையால் பெட்டியையும் கித்தாரையும் இதே வண்டியில் ஏற்றிவிடுகிறேன். தோட்டத்து மாடுகளுக்கு வாசித்துக் காட்டும். உம் வீட்டுக்காரி கனகேஸ்வரி அக்காவுக்கு என் அன்பு. தண்ணீர்மலை முருகன் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், உமக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த உம் மைத்துனன்
விநாசித்தம்பி

பி.கு.: கமாலுதீன் வரச் சுணங்கிவிட்டார். இதற்கிடையில் அந்த அதிகாரியைக் கப்பலேற்றி எங்கோ அனுப்பிவிட்டார்கள். போகுமுன் வாசலில் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் உம் தங்கை கித்தாரைத் தொடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், எனக்கு வாசிக்கச் சொல்லித் தா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இப்போது பின்னேரந்தோறும் எனக்குப் பாடம். வண்டியில் ஒன்றும் ஏற்றவில்லை, தேட வேண்டாம். துரை பங்களாவில் இன்னொரு இரும்புத் துண்டு கிடந்தால் உடனே அனுப்பும். தன்னுடையதை அவள் எனக்குத் தர மாட்டாளாம்.