எழுபத்திரண்டு கிலோ பைலற்

விமானம் எப்படிப் பறக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. என்னை ஏற்றாமல் விட்டால் நன்றாகப் பறக்கும். இது புத்தகத்தில் படித்ததல்ல. பலாலி விமான நிலையத்தில், ஒரு விமானம் நிறைந்த சனம் பார்த்துக்கொண்டு நிற்க, கனடாக் குளிருக்குத் தைத்த ஜக்கெற்றுக்குள் வேர்த்து ஒழுகியபடி கற்றுக்கொண்டது.

தெல்லிப்பழையில் எனக்குத் தண்ணீர்ப் பம்ப் விற்கிற கடை. கொழும்பிலிருந்து வருகிற சின்ன விமானம் என் கடைக் கூரையை உரசாத குறையாகப் போய்த்தான் பலாலியில் இறங்கும். ஐம்பது வயதில் சிலருக்குச் சீனி வருத்தம் வரும், சிலருக்குப் பிரஷர். எனக்குப் பைலற் வருத்தம் வந்தது. பொழுதுபோக்காகச் சின்ன விமானம் ஓட்டுவதற்கு ஒரு லைசென்ஸ் இருக்கிறதாம் என்று நத்தார்ப் பண்டிகைக்கு வீடியோவில் வந்த மைத்துனன் சுகந்தனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் கனடாவில் இருக்கிறான்.

“அத்தான், அதுக்கு முதல் எழுத்துச் சோதினை ஒண்டு இருக்கு. உங்களாலை ஏலாது.”

பக்கத்தில் நின்ற என் மனைவி ரஞ்சி தலையாட்டினாள். (எனக்காக ஆட்டியதல்ல.) அந்தச் சோதினையைப் பாஸ் பண்ணிக் காட்டாமல் இனி அவன் முகத்தில் முழிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

புத்தகங்களை வாங்கி விழுந்து விழுந்து படித்தேன். வெயில் நாளில்கூட எஞ்சினின் காபரேற்றருக்குள் ஐஸ் கட்டும் என்று ஒரு பாடம். ஐஸை ஐஸ்கிரீம் கடையில் மட்டும் கண்ட நான் அதையும் பாடமாக்கினேன். ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு உறுப்பாகச் சோதிக்க வேண்டும் என்று இன்னொரு பாடம். காலையில் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நடந்து, குனிந்து, தட்டிப் பார்த்தேன். ரஞ்சி அதைக் குசினி யன்னலால் பார்த்துவிட்டு, ஆரையாவது இடித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். வானத்தில் இரண்டு விமானம் குறுக்கே வந்தால் வலப்பக்கத்தில் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. தெல்லிப்பழைச் சந்தியில் அதைச் செய்து பார்த்தேன். வலப்பக்கத்தால் வந்தவர்கள் முடியவே இல்லை. பின்னால் நின்ற மினிபஸ்காரன் என்னுடைய பரம்பரையைப் பற்றி நாலு வார்த்தை சொன்ன பிறகுதான் அசைந்தேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நிறையும் சமநிலையும் என்ற பாடம். விமானத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம், அதை எங்கே வைக்கலாம் என்பதுதான் அது. பாரம் கூடினால் எழும்பாது. பின்னுக்குப் போனால் மூக்கு மேலே தூக்கும். இதை நான் எவ்வளவு ஊறிப் படித்தேன் என்றால், ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது ஓட்டோவில் மாமியாரை நடுவில் இருத்தி, அவருடைய பைபிளை மடியிலிருந்து எடுத்து முன்னால் டிரைவரிடம் கொடுத்தேன். மாமியார் இரண்டு ஞாயிறு என்னோடு கதைக்கவில்லை.

சோதினை கொழும்பில், வியாழக்கிழமை பின்னேரம். பைலற் ஆகப் போகிறவன் இரவு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவதா? காலை விமானத்துக்கு ரிக்கெற் எடுத்தேன். போனில் ஒரு பிள்ளை என் நிறை எவ்வளவு என்று கேட்டது. எழுபத்திரண்டு கிலோ என்றேன். பொய்யல்ல. என் கல்யாணத்தன்று அவ்வளவுதான் இருந்தேன். கேட்டார்கள், சொன்னேன், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. முதல் பிழையை விட்டது எங்கள் போதகர். ஞாயிறு ஆராதனையில், “நம்முடைய சகோதரன் வருகிற வியாழக்கிழமை விமானத்தில் கொழும்புக்குப் போய் எழுத இருக்கிற சோதினைக்காக” என்று உருக்கமாக ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது. அந்த ஜெபத்தில் சபையின் காதில் விழுந்தது மூன்று சொற்கள்: வியாழக்கிழமை, விமானம், கொழும்பு.

எங்கள் ஆட்களில் ஒருவர் கொழும்புக்குப் போகும்போது அவரை வெறுங்கையோடு விடுவது பாவம். கொண்டு வந்து தருவதை அவர் வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய பாவம். திங்கட்கிழமை தொடங்கியது. ஒடியல் மா வந்தது. மிளகாய்த்தூள் வந்தது. வெள்ளவத்தையில் ஒரு மகளுக்குக் கருவாடு, தெகிவளையில் ஒரு மருமகனுக்குப் பருத்தித்துறை வடை, பிறகு பனங்காய்ப் பணியாரம், நல்லெண்ணெய், ஒரு கட்டு முருங்கைக்காய். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: “பாரமில்லைத் தம்பி, சின்னப் பார்சல்.”

விமானத்தில் ஒருவருக்கு ஏழு கிலோப் பைதான் விடுவார்கள். என் புத்தகங்களே அதைத் தின்றுவிட்டன. பார்சல் மலைக்கு முன்னால் நான் தலையில் கைவைத்து இருந்தபோது ரஞ்சி அலுமாரியைத் திறந்து, சுகந்தன் போன முறை விட்டுவிட்டுப் போன குளிர் ஜக்கெற்றை எடுத்து வந்தாள். பொக்கற்றுக்குள் பொக்கற், அதற்குள்ளும் பொக்கற்.

“இஞ்சருங்கோ, பைக்குத்தானே ஏழு கிலோ. உடுத்தியிருக்கிறதை ஆர் நிறுக்கிறது?”

எங்கள் சனம் பாதி உலகத்துக்குப் பறந்தது இந்தத் தத்துவத்தை வைத்துத்தான். விமானத்துக்குப் பையில் இருக்கிற கிலோவும் உடம்பில் இருக்கிற கிலோவும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. முதல் நாள்தான் அந்தக் கணக்கைச் செய்து சரி போட்டிருந்தேன். ஆனால் அது சோதினைக்குப் படித்தது. இது வீட்டு விஷயம்.

வியாழன் காலை ரஞ்சி என்னை நிரப்பினாள். முதுகில் கருவாடு, நெஞ்சில் மா, வயிற்றைச் சுற்றிப் பணியாரம். முருங்கைக்காய்க்கு இடமில்லாமல் ஜக்கெற்றின் இரண்டு கைக்குள்ளும் நீட்டுக்கு விட்டாள். அதன்பிறகு என்னால் முழங்கையை மடக்க முடியவில்லை. இரண்டு கையையும் விரித்தபடி பலாலிக்குள் நடந்தேன். அன்றைக்கு அங்கே சிறகோடு வந்த முதல் ஆள் நான்தான்.

பையை நிறுத்தார்கள். சரியாக இருந்தது. நான் வெற்றியோடு நகரப் பார்த்தேன்.

“அங்கிள், நீங்களும் உந்தத் தராசிலை ஏறி நில்லுங்கோ,” என்றது கவுண்டரில் நின்ற பிள்ளை.

“பை நிறுத்தாச்சுத்தானே பிள்ளை.”

“ஆக்களையும் நிறுக்கிறனாங்கள். சின்னப் பிளேனெல்லோ.”

ஏறினேன். நூற்றேழு என்று காட்டியது. பிள்ளை திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் திரையைப் பார்த்தது.

“எழுபத்திரண்டு எண்டெல்லோ சொல்லியிருக்கிறியள்.”

“அது... சாப்பிட முதல்.”

“முப்பத்தைஞ்சு கிலோவோ அங்கிள் சாப்பிட்டனீங்கள்?”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா மூக்கை உறிஞ்சினார். உடுவிலில் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் என்பது பிறகுதான் தெரிந்தது. “பிள்ளை, உவரிலை கருவாடு மணக்குது,” என்றார்.

அதோடு என் மானம் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தேன். கைக்குள்ளிருந்து முருங்கைக்காயை உருவியபோது வித்தைக்காரனைப் பார்ப்பதுபோல ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது. எல்லாம் கழற்றிய பிறகு திரும்ப ஏறினேன். எண்பத்தொன்பது. இனிக் கழற்றுவதற்கு என்னிடம் இருந்தது நான் மட்டும்தான்.

பிள்ளை யாரையோ போனில் கூப்பிட்டது. அதற்கிடையில் ரீச்சர் மேசையைப் பொறுப்பெடுத்துவிட்டார்.

“தம்பி, உந்தக் கருவாடு ஆருக்கு?”

பெயரைச் சொன்னேன்.

“உவ என்ரை மருமகளின்ரை சித்தியெல்லோ. இஞ்சை தாரும். என்ரை பையிலை இன்னும் மூண்டு கிலோ போடலாம்.”

பிறகு அங்கே நடந்ததை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, கண் கலங்க நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கும் இரண்டு கிலோ மிச்சம் என்று ஒருவர் மாவை வாங்கினார். வடை தெகிவளைக்கு என்றதும் இன்னொருவர், அந்த ஒழுங்கைதான் எங்கடையும் என்றார். ஒவ்வொருவரும் தங்கள் ஏழு கிலோவுக்குள் அடக்கி, பையைத் திரும்ப நிறுத்து, பதிந்து, உள்ளே அனுப்பிவிட்டார்கள். மேசை வெறுமையானது. அப்போதுதான் கப்டன் வந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க திருகோணமலைக்காரர். நல்ல அமைதியான முகம். (பல்லுப் பிடுங்குகிற டொக்டருக்கும் அப்படித்தான் முகம் இருக்கும்.)

“அங்கிள், இதுவரைக்கும் இருவது கிலோ மிச்சமாத்தான் இருந்தது. உங்கடை மேலதிகம் பதினேழையும் அதிலை விட்டு உங்களை ஏத்தியிருப்பன். இப்ப உங்கடை பார்சல் பதினெட்டுக் கிலோ உள்ளை போயிட்டுது. மிச்சம் ரெண்டு.”

“எனக்குப் பின்னேரம் சோதினை தம்பி. இந்தப் பிளேனை விட்டா வேறை வழியில்லை.”

“என்ன சோதினை?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். “பிரைவேற் பைலற் லைசென்ஸ். எழுத்துச் சோதினை.”

கப்டன் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. நான் வரிசையின் பக்கம் திரும்பி, ஆராவது பார்சலைத் திருப்பி வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டேன். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ரீச்சர்தான் வாயைத் திறந்தார்.

“தம்பி, கொண்டுபோறன் எண்டு வாயாலை சொல்லிப்போட்டம். சோதினை திரும்ப வரும். கருவாடு அந்த மாதிரியில்லை.”

கப்டன் என் தோளில் கை வைத்தார். “சரி அங்கிள். நீங்கள்தான் கப்டன் எண்டு வைப்பம். லிமிற்றுக்கு மேலை பதினைஞ்சு கிலோ. மிச்சமிருக்கிறது கடைசிச் சீற். வெயிலும் ஏறுது. அந்த ஆளை நீங்கள் ஏத்துவியளோ?”

சும்மா ‘ஏத்துவன்’ என்று சொல்லியிருக்கலாம். கெஞ்சியிருக்கலாம். ஆனால் மாதக்கணக்காகப் பாடமாக்கிய வாய், கேள்வியைக் கேட்டதும் தானாகத் திறந்துவிட்டது. வெயில் ஏற ஏறக் காற்று ஐதாகி அடர்த்தி குறையும், சிறகுக்குத் தூக்குவலு குறையும், எழும்புவதற்குக் கூடத் தூரம் ஓட வேண்டும், கடைசிச் சீற்றில் பாரத்தை வைத்தால் சமநிலை பின்னுக்குப் போகும், மூக்குத் தூக்கும், பிறகு இறக்குவது கஷ்டம் என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். “ஆனபடியா அந்த ஆளை ஏத்த ஏலாது,” என்று முடித்தேன்.

“நல்ல வடிவாச் சொல்லுறீர்,” என்றார் ரீச்சர்.

கப்டன் எனக்குக் கை தந்தார். “எழுத்துச் சோதினை உங்களுக்குப் பிரச்சினையில்லை அங்கிள். கட்டாயம் பாஸ் பண்ணுவியள்.” சொல்லிவிட்டு, நான் விளக்கிய காரணங்களுக்காகவே என்னை விட்டுவிட்டுப் போனார். விமானம் மிக அழகாக எழும்பியது. பதினெட்டுக் கிலோப் பார்சலும் கொழும்புக்குப் பறந்தது.

எயார்போட் வாசலில் பிளேன்ரீ குடித்துக் குடித்து, வீட்டுக்குச் சொல்ல ஒரு கதையைத் தேடினேன். கிடைக்கவில்லை. பின்னேரம் ஜக்கெற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக் கேற்றைத் திறந்தபோது ரஞ்சி முற்றத்தில் போனோடு நின்றாள்.

“ஓமக்கா, கருவாடு கிடைச்சுதோ? சந்தோசம். ஓம், அவர்தான் கஷ்டப்பட்டுக் கொண்டு வந்தவர். இல்லையக்கா, இப்ப எடுக்க ஏலாது, சோதினை மண்டபத்துக்குள்ளை இருக்கிறார்.” என்னைக் கண்டாள். “அக்கா, வைக்கிறன். மண்டபம் வீட்டை வந்திட்டுது.”

அன்று பொழுதுபடும் மட்டும் நன்றி சொல்லி அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வடை நொறுங்கவில்லையாம். எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தவில்லையாம். சுகந்தன் மட்டும் வட்சப்பில் ஒரே வரி அனுப்பினான்: “அத்தான், ஜக்கெற் பாஸோ?”

அடுத்த தவணைக்கு யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் போய் எழுதினேன். பாஸ் பண்ணினேன். (பஸ்ஸில் ஆளை நிறுப்பதில்லை.) சுகந்தனுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டிச் சொன்னேன். அவன் வாழ்த்திவிட்டு, இந்த முறை கருவாடு எத்தனை கிலோ என்று கேட்டான். நான் பாஸ் பண்ணியதை இன்றைக்கு இந்தக் குடாநாட்டில் நினைவு வைத்திருப்பது நான் ஒருவன்தான்.

போன கிழமை எங்கள் சபை அக்கா ஒருவர் நல்லெண்ணெய்ப் போத்தலோடு கேற்றடிக்கு வந்தார். கொழும்பில் மகனுக்காம்.

“நான் ஒரு இடமும் போகேல்லையே அக்கா,” என்றேன்.

“நீர் போகத் தேவையில்லைத் தம்பி. நீர் போகாட்டித்தானே சாமான் பத்திரமாப் போகும்.”

ரஞ்சி உள்ளேயிருந்து, “வாங்கி வையுங்கோப்பா,” என்றாள். வாங்கி வைத்தேன். மறுநாள் கடைக்குப் பம்ப் வாங்க வந்த ஒருவர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன் என்றார். போத்தல் அவரோடு போனது. சனிக்கிழமை அந்த மகன் போன் எடுத்து, கொண்டு வந்து தந்ததற்கு எனக்கு நன்றி சொன்னான்.