மருமகன் ஊருக்கு நான் வைத்த அருவி

தென்காசி,
ஆடி மாதம், 1962.

சிரஞ்சீவி மருமகன் சுந்தரபாண்டிக்கு, தாய்மாமன் வேல்சாமி மனமார வாழ்த்தி எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அம்மா முதல் கறவை மாடு வரை சுகம். அவ்விடம் ஜெர்மனியில் வேலை படிக்கிற நீயும் உன் மெஷினும் சுகமாயிருக்க இலஞ்சிக் குமரன் துணை.

நிற்க. உன் கல்யாணம் முறிந்து, என்னால் மறுபடி ஒட்டியது. உனக்கு மாமனாராகப் போகிற புளியங்குடி எலுமிச்சை மண்டி அய்யாக்குட்டி அண்ணாச்சியிடம் யாரோ வயிற்றெரிச்சல்காரன், மாப்பிள்ளை இருப்பது கரி தோண்டுகிற ஊர், ஆளைப் பூமிக்குள்ளே இறக்கிவிடுவான் என்று ஓதிவிட்டான். அவர், "பொண்ணைக் குழிக்குள்ளயா தள்ளச் சொல்லுதீரு? வடிவுக்கு வேற இடம் பாத்துக்கிடுதேன்" என்று துண்டை உதறிவிட்டார். உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் விடுவேனா? பஸ் ஏறிப் போய், எலுமிச்சை மூடைமேல் உட்கார்ந்து, ஜெர்மனியிலேயே பிறந்தவன் மாதிரி ஆரம்பித்தேன். ஊர் தென்காசியைப்போல நாலு பங்கு, நடுவில் சந்தை, மணிக்கூண்டு, தெருவிலேயே ரயில் ஓடும், கரிக்குழி பாதியை மூடியாச்சு, எங்க மருமகன் மெஷின் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கான், வெள்ளைக்காரன் அவனைக் கேட்டுத்தான் திருகாணியே முடுக்குதான் என்றேன். கரிக்கழிவு கொட்டிக் கொட்டியே ஒரு மலை உண்டாகி, அதில் மரம் நட்டிருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த மலையைக் கொஞ்சம் உயர்த்தி மேகம் தவழவிட்டேன். அண்ணாச்சி அசையவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டும் வேய். அந்த ஊர்க்காரன் கரித்தூசியோடயா சோத்துக்கு உக்காருவான்?"

அங்கனதான் பிடித்தேன். கரி ஆட்கள் வேலை முடிந்ததும் அழுக்கு உடுப்பைச் சங்கிலியில் மாட்டிக் கூரைக்கு ஏற்றிவிட்டு, வரிசையாய் வெந்நீர்க் குழாயடியில் நின்று குளிப்பார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? நான் குழாயை எடுத்துவிட்டேன். மலையிலிருந்து வெந்நீர் அருவியா விழுது அண்ணாச்சி, ஆள் வச்சு எண்ணெய் தேச்சு விடுதான், சாரல் வருஷம் பூரா அடிக்கி என்றேன். சீசன் தவறாமல் குற்றாலமே கதியென்று கிடக்கிற மனுஷன், கண்ணு கலங்கிட்டாரு. "வருஷம் பூராவா வேய்?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்காரு. உள்ளேயிருந்து வடிவு, "பொம்பளையாளுக்குத் தனி அருவி உண்டுமான்னு கேளுங்கப்பா"ங்கா. உண்டு, ரெண்டு இருக்குன்னுட்டேன். ஆவணியில் நிச்சயதார்த்தம். உன் அம்மா ரசத்துக்கும் மறுசோறு வாங்கித் தின்னா. எனக்கும் இப்பந்தாம்லே மூச்சு வருது.

குளிரில் காதை மூடிக்கொண்டு நட. என் ஆசி கப்பல் ஏறாமலே உன்னிடம் வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்தைக் காப்பாற்றிய மாமன்,
வேல்சாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அண்ணாச்சி ஆள் அனுப்பியிருக்காரு. "அப்பேர்ப்பட்ட ஊரை விட்டுட்டு எவன் திரும்பி வருவான்? பொறவு எம்பொண்ணு மொகத்தை நான் எங்கன போய்ப் பாக்க? சம்பந்தம் வேண்டாம்"ங்காராம். உன் அம்மா மறுபடி தட்டைத் தள்ளிட்டா. ஆகவே இது கண்டதும், ஊர் உருப்படாத ஊர், ஒரே கரி, ஒரே புகை, அருவியும் வற்றிப்போச்சு, வேலை படிச்சதும் ஓடி வந்துருவேன் என்று உன் கையாலேயே அண்ணாச்சிக்கு எழுதிப் போடு. வற்றிப்போச்சு என்றுதான் எழுத வேண்டும். இருந்ததே இல்லை என்று எழுதி மாமன் மானத்தை வாங்கிவிடாதே.