முதலியார்பேட்டைக் கிளைக்கு ஏன் இத்தனை ஓம பிஸ்கட்

முதலியார்பேட்டை,
புதன்கிழமை காலை.

அன்பு மிகுந்த சுமலதாவுக்கு,

உன் கணவன் தெய்வசிகாமணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும், நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே ஃபிரான்ஸில், துலூஸில் நீயும், மகள் செந்தமிழ்ச்செல்வியும், மாப்பிள்ளை ரொமேனும், ஏழு மாதப் பேத்தி அனைஸும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க அந்த மணக்குள விநாயகர் பார்த்துக்கொள்ளட்டும்.

தினமும்தான் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். வீடியோவில் நான் எங்கே உன்னைப் பார்த்தேன்? போனைப் பிடித்திருப்பது செல்வி, திரையில் தெரிவது அனைஸின் மூக்கு, பின்னாலிருந்து கேட்பது உன் குரல். "சாப்ட்டீங்களா?" என்பாய். "ஆச்சு" என்பேன். அதற்குள் குழந்தை போனை வாயில் வைத்துவிடும். கடையில் ஒரு விஷயம் நடந்துபோயிற்று. அதை மாப்பிள்ளை காதில் விழும்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடை ஆட்கள் யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சிக்கனச் சந்தையில் எந்தச் சரக்கு எத்தனை வர வேண்டும் என்பதை ஸ்டாக் இன்சார்ஜான நான்தான் முடிவு செய்கிறேன் என்று நீ இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தாய், நானும் திருத்தவில்லை, ஆனால் உண்மையில் முடிவு செய்வது சென்னையில் இருக்கிற கம்ப்யூட்டர். எந்தக் கிளையில் ஒரு பாக்கெட் உப்பு பில் ஆனாலும் அதற்குத் தெரியும். அடுக்கில் குறைந்தால் செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரிய குடோனிலிருந்து தானாக லாரி ஏற்றிவிடும். அறுபது நாள் விற்காத சரக்கை 'டெட் ஸ்டாக்' என்று பட்டியல் போட்டு அனுப்பும், நாங்கள் அதை எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுக்கில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு சரக்கை வைக்க வேண்டும். பதினாறு வருடத்தில் எத்தனையோ ஊறுகாயையும் ஷாம்பூவையும் இப்படி வழியனுப்பியிருக்கிறேன், ஒரு நாளும் மனசு கலங்கியதில்லை.

ஏப்ரல் பட்டியலில் ஏழாவது வரியில் ஓம பிஸ்கட் இருந்தது. சீட்டைக் கிழிக்கப் போனவள் கொளஞ்சி, அடுக்குகளில் சரக்கு நிரப்புகிறாளே, வில்லியனூர்க்காரி, அவள்தான்.

"இன்னா சார், இத நம்ம அக்கா மட்டும்தான் வாங்கினு இருந்தாங்களா? அவங்க ஊருக்குப் போனதுலேர்ந்து ஒண்ணுகூட நகரல" என்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். ஆறு பாக்கெட் தூசியோடு நின்றன. சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு நீ மஞ்சள் கட்டைப்பையோடு வந்து நேரே அங்கே போய் இரண்டு பாக்கெட் எடுப்பதும், நான் குடோன் கதவோரம் நிற்பது தெரிந்தும் யாரோ போல வரிசையில் நிற்பதும், பில் போட்ட பிறகு போகிற போக்கில் ஒரு சிரிப்புச் சிரிப்பதும் எனக்கு நினைவு வந்துவிட்டன. "கிழிக்காத கொளஞ்சி" என்று சொல்லிவிட்டு ஆறு பாக்கெட்டையும் நானே எடுத்துக்கொண்டு கவுண்ட்டருக்குப் போனேன். எனக்கு ஓமம் ஆகாது என்பது உனக்குத் தெரியும், வாசனை பட்டாலே பிரசவ வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், ஆனாலும் வாங்கினேன்.

கவுண்ட்டரில் வாடிக்கையாளர் நம்பர் கேட்டார்கள். என் வாயில் உன் நம்பர்தான் வந்தது. திரையில் 'வணக்கம் சுமலதா' என்று விழுந்தது. பில்லின் அடியிலும் உன் பெயரைப் போட்டு 'மீண்டும் வருக' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அது எல்லோருக்கும் அடிக்கிற வரிதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். செத்துக்கிடந்த சரக்கு ஒரே நாளில் ஆறு விற்று அடுக்கு காலியானதைப் பார்த்த கம்ப்யூட்டர் இரண்டு பெட்டி அனுப்பிவிட்டது, பெட்டிக்கு இருபத்து நாலு பாக்கெட். அவை விற்காவிட்டால் மறுபடியும் பட்டியலில் ஏறும், மறுபடியும் சீட்டைக் கிழிக்க வேண்டும். ஆகவே முதலில் வாரம் நாலு பாக்கெட், பிறகு ஆறு, பிறகு எட்டு என்று வாங்கினேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் நம்பரைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அம்மாவுக்குக் கொடுத்தேன், முதல் மாதம் "எதுக்குப்பா இதெல்லாம்" என்றவர் மூன்றாவது மாதம் நான் வருவதைப் பார்த்தால் கதவைச் சாத்த ஆரம்பித்தார். மீதியைக் காலையில் டீயில் நனைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். விற்பனை மாதத்துக்கு மாதம் ஏறுகிறது என்று கம்ப்யூட்டர் எட்டுப் பெட்டி அனுப்பியது. ஜூலையில் நம் கல்யாண நாள் வந்தது. அன்றைக்கு நீ கூப்பிட்டாய், ஆனால் அனைஸுக்குத் தடுப்பூசி போட்ட காய்ச்சல் என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாய். தப்பில்லை, குழந்தைதான் முக்கியம். நான் கடைக்குப் போய் இரண்டு முழுப் பெட்டியை ஒரே பில்லில் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதே.

அடுத்த செவ்வாய்க்கிழமை லாரி வந்து நின்றது. நூற்றிருபது பெட்டி, அத்தனையும் ஓம பிஸ்கட். குடோனில் அரிசி மூட்டைக்குப் போகிற வழி அடைபட்டது, கழிவறைக் கதவு பாதிதான் திறந்தது, கிளை மேனேஜர் அருள்முருகன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து போனார். இருபத்தொன்பது வயதுப் பையன், கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று நம்புகிறவர். "பாண்டிச்சேரில ஃபிரெஞ்சுப் பழக்கம் இருக்குல்ல மேடம், காப்பிக்குத் தொட்டுக்கிறாங்க" என்று தலைமை அலுவலகத்துக்குப் போனில் காரணமும் சொல்லிவிட்டார். அவர்கள் அதை நம்பிவிட்டார்கள். விழுப்புரம், கடலூர்க் கிளைகளுக்கும் ஓம பிஸ்கட்டை அதிகப்படுத்தலாமா என்று பார்க்க எலிஸபெத் மேடம் சென்னையிலிருந்து நேரில் வந்தார். வட்டாரத்துக்கே சரக்குப் பொறுப்பு அவர்தான். கையில் ஒரு பரிசுக்கூடை வேறு, வண்ணத்தாள் சுற்றி, நாடா கட்டி.

"உங்க கிளையில ஒரு கஸ்டமர், சுமலதான்னு பேரு. நம்ம வட்டாரத்துலயே ஒரே பிஸ்கட்ட இவ்வளவு வாங்கினவங்க வேற யாரும் இல்ல. அவங்க வீடு இங்கதான் எங்கியாவது இருக்கும், போய்ப் பாத்துட்டு ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்றார்.

கொளஞ்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அருள்முருகன் "சார், அட்ரஸ் எடுங்க" என்றார். அட்ரஸை எடுத்தால் என் அட்ரஸ்தானே வரும்?

"மேடம், அது என் வீட்டுக்காரிதான்" என்றேன்.

"அடடே! வீட்டுல இருக்காங்களா?"

"இல்ல மேடம். ஃபிரான்ஸ்ல இருக்காங்க. எட்டு மாசமா."

"அப்ப பிஸ்கட்ட யாரு வாங்கினது?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டெட் ஸ்டாக்கிலிருந்து கல்யாண நாள் வரை. சேர்த்து வைத்திருந்த பில்களை மட்டும் காட்டவில்லை. அருள்முருகன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மேடம் பரிசுக்கூடையை மெதுவாக எடை மெஷின் மேல் வைத்தார்.

"உங்களுக்கு வேலை போயிருக்கும் சார், தெரியுமா? ஸ்டாக் பாக்கிறவரே கணக்க ஏமாத்தினா அது ரொம்பப் பெரிய தப்பு."

"தெரியும் மேடம்."

"அவங்க எப்ப வராங்க?"

"மூணு மாசம்னு சொல்லிட்டுப் போனாங்க மேடம்."

அவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மெமோ எழுதினார். இந்தச் சரக்கு தீர்ந்ததும் எனக்கு ஒரு மாதம் கட்டாய லீவு, அதற்குப் பிறகுதான் மறுபடி ஸ்டாக் வேலை. பதினாறு வருடத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு எடுக்காதவன் நான், ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து எந்தச் சுவரைப் பார்ப்பது?

சரக்கு எப்படித் தீர்ந்தது என்பதைக் கேள். கொளஞ்சி ஒரு பையில் பத்துப் பாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட் டீக்கடைகளுக்குப் போய், மூட்டை தூக்குகிறவர்களுக்கு டீயோடு சும்மா கொடுத்திருக்கிறாள். "வயித்துக்கு நல்லா கீதும்மா, எங்க கெடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். டீத்தூள் வாங்கினால் ஒரு பாக்கெட் சலுகை விலையில் என்று நாங்களும் அட்டை எழுதி வைத்தோம். பன்னிரண்டு நாளில் நூற்றிருபது பெட்டியும் போய்விட்டது. இப்போது டீக்கடைக்காரர்கள் வாரா வாரம் வேண்டும் என்று கேட்கிறார்கள், கம்ப்யூட்டர் சொன்னது பலித்துவிட்டது என்று அருள்முருகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஓம பிஸ்கட்டுக்கு இனிமேல் பயமில்லை, சுமலதா. அதன் சீட்டை யாரும் கிழிக்கப் போவதில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் இருக்க வேண்டும். ஆனால் போன சனிக்கிழமை ஐந்தரைக்கு வழக்கம்போல் குடோன் கதவோரம் நின்றேன். அந்த அடுக்கின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஆளுக்கு இரண்டு, மூன்று என்று எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. உள்ளே போய் பருப்பு மூட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

போகட்டும். குழந்தைக்குக் கிரெஷில், அதுதான் அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைக்க இன்னும் ஆறு மாதம் ஆகும், அதுவரை அம்மா இருக்கட்டும் என்று செல்வி கேட்டாள். நானும் தாராளமாக என்று சொல்லிவிட்டேன். நீ அவசரப்படாதே. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, சமைக்கிறேன், துவைக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். என்னை அங்கே வரச்சொல்லி மாப்பிள்ளை வற்புறுத்த வேண்டாம், அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, பாஷையும் பள்ளிக்கூடத்தில் படித்த 'மெர்சி'யோடு நின்றுவிட்டது.

பேத்திக்கு என் ஆசி, செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, வழக்கமானதை வைத்துக்கொள்.

இப்படிக்கு,
தெய்வசிகாமணி

பி.கு.: மேலே நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியது பொய். ஆறு மாதம் இரு என்று எழுதியதும் பொய். குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் விசா வந்துவிட்டது, மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும், அந்த ஒரு மாத லீவு வெள்ளிக்கிழமை தொடங்குகிறது, அன்றைக்கே கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. என் கையாலேயே உன்னிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்தால் சத்தம் போட்டே சிரித்துவிடு, கேட்டு எட்டு மாதம் ஆகிறது.