வெட்சிச் செடியை மொட்டையடித்த புதன்கிழமை

ராட்சபுரி

அன்பும் மதிப்பும் மிக்க சுமாலி அக்காவுக்கு, தம்பி பிரசோங் கைகூப்பி எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்து, பாங்காக் மழையிலும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் ரஞ்சுவானும் சுகம். செடிகள்தான் சுகமில்லை.

அடுத்த வாரம் தோழிகளை அழைத்துக்கொண்டு என் பட்டாம்பூச்சித் தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வரவேண்டாம். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம். "உன் கைபட்டா கள்ளிச்செடிகூடப் பட்டுப்போகும்டா" என்று சின்ன வயதிலிருந்தே சொல்வீர்களே, அந்த வாயை அடைக்கத்தான் வேலியோரம் முழுக்க வெட்சி நட்டேன். முதலில் பூச்சி வரக்கூடாதென்று மருந்தடித்தேன். பட்டாம்பூச்சியும் வரவில்லை. "அதுவும் பூச்சிதானேங்க!" என்று ரஞ்சுவான் தலையிலடித்துக்கொண்டாள். மருந்தை நிறுத்தினதும் செடி செக்கச்செவேல்னு பூத்தது பாருங்க, கறுப்பு, மஞ்சள், நீலம்னு பட்டாம்பூச்சி மொய்ச்சுத் தள்ளிடுச்சு. எனக்குத் தலைகால் புரியலை. உடனே உங்களுக்குப் போன் போட்டுப் பீத்திக்கிட்டேன்.

நாளைக்கு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வாத்தியாருங்களுக்குப் பூத்தட்டு வைக்கிற குருவணக்கம்ங்கிறதையே மறந்து தொலைச்சேன் அக்கா! சாயங்காலம் ஒரு பொண்ணு வந்து கைகூப்பி, "தாத்தா, தட்டுல வைக்க ஒரே ஒரு கொத்து"ன்னா. ஊசி மாதிரி இருக்கிற வெட்சி மொட்டை வாத்தியாருக்குக் குடுத்தா புத்தி கூராகும்னு நாமளும் குடுத்தவங்கதானே, எப்படி மறுக்கிறது? குடுத்தேன். பின்னாடியே ஊர்ப்பிள்ளைங்க மொத்தமும் வந்துடுச்சு. "யாரு சொல்லி வந்தீங்க?"ன்னு கேட்டா, "ரஞ்சுவான் டீச்சர்தான் சொன்னாங்க, எங்க வீட்டுக்காரர் இல்லைன்னு சொல்லமாட்டார்னு!" உச்சிக்கொத்து எட்டாத பிள்ளைங்களுக்கு நானே ஏணி போட்டுப் பறிச்சுக் குடுத்தேன், என் புத்தியை என்ன சொல்ல. இப்போ வேலியோரம் வெறும் குச்சி. உங்க தோழிங்க முன்னாடி என் மானம் போயிடும் அக்கா. வராதீங்க.

அத்தானுக்கு என் வணக்கம். புத்தர் அருளால் எல்லோரும் நலமே இருக்கவேண்டும்.

தங்கள் தம்பி,
பிரசோங்

பின்குறிப்பு: வியாழன் மாலை. மேலே எழுதினதை மறந்துடுங்க. பள்ளிக்கூடத்துல குவிஞ்ச தட்டையெல்லாம் ரஞ்சுவான் வீட்டுக்கே கொண்டுவந்து வாசல்ல பரப்பிட்டா. அதிலேயும் பட்டாம்பூச்சி! கூட வந்த ஒரு வாண்டு என் முன்னால மண்டிபோட்டு, "பூ குடுத்தவரும் வாத்தியார்தான்"னு ஒரு தட்டை நீட்டுச்சு. ஆயுசு முழுக்க ரயில் டிக்கெட் கிழிச்சவன் அக்கா நான், அழுதுட்டேன். தட்டு இப்போ என் மடியில இருக்கு, அதுல ஒரு நீலப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கு. அது கிளம்புற வரைக்கும் நான் எழுந்திருக்கிறதா இல்லை, கடிதத்தை ரஞ்சுவான்தான் தபால்ல போடணும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு சீக்கிரம் வாங்க.