லேமினேஷன் கூட்டிய சர்வர் மாநாடு

கடலூர் மாவட்டத்திலேயே அதிக உயிர்களைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால், நீங்கள் யாராவது ஒரு பெரிய டாக்டரின் பெயரைச் சொல்வீர்கள். என்னைக் கேட்டால் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லேமினேஷனைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

லேமினேஷன் என்பது அவர் பெயரல்ல. கையில் அகப்பட்டதையெல்லாம் லேமினேட் செய்துவிடுவார் என்பதால் ஊர் வைத்த பெயர். மார்க் ஷீட், பட்டா நகல் எல்லாம் சரி. தன் கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழையும், பெண் முதன்முதலாகக் கிறுக்கிய காகிதத்தையும், ஏன், ஒரு முழு வாழைக்காய் சிப்ஸையும் லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறார். ஒருமுறை என் லீவு லெட்டரை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் அதையும் லேமினேட் செய்துவிட்டார். எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் அதில் கையெழுத்துப் போட எவ்வளவோ முயன்றார். பேனா வழுக்கிக்கொண்டே போனது. லீவு கிடைக்கவில்லை.

"கெட்டுப் போவாம இருக்கட்டுமேன்னுதான் மச்சான்" என்றார் லேமினேஷன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நாங்கள் இருவரும் சிதம்பரத்துக் குடித்தனக்காரர்கள். மாமா மச்சான் எல்லாம் ரயில் சிநேகத்தில் வந்த உறவு. காலைப் பாசஞ்சரில் கடலூர், மாலைப் பாசஞ்சரில் சிதம்பரம், எதிரெதிர் சீட்டு. உட்கார்ந்ததும் மனிதர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மொபைலுக்குள் இறங்கிவிடுவார். உள்ளே ஒரு ஆன்லைன் விளையாட்டு. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு வருவார்கள். வாள் வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று கூட்டமாகச் சேர்ந்து பூதங்களை வேட்டையாடுவார்கள். நம் லேமினேஷனுக்கு அதில் வைத்தியர் வேடம். அடிபட்டவர் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினால் பச்சை வெளிச்சம் அடிக்கும், அடிபட்டவர் எழுந்துகொள்வார்.

"ஏன் மாமா, நீங்களும் ஒரு வாளை எடுத்தா என்னா?" என்று கேட்டேன்.

"நான் வடலூர்க்காரன் மச்சான். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் வள்ளலார் ஜோதி பாத்து வளந்தவன். நான் எப்டி வெட்டுவேன்?"

"அது வெறும் பொம்மைதானே?"

"பொம்மைன்னு வெட்டுற கைக்குத் தெரியுமா?"

 இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அந்த விளையாட்டில் எதையாவது கொன்றால்தான் மடமடவென்று மேலே போக முடியுமாம். மற்றவர்கள் எக்ஸ்பிரஸில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு லேமினேஷன் எங்கள் பாசஞ்சர் மாதிரி நின்று நின்று, எல்லாருக்கும் வழிவிட்டு, பல வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். வழியில் ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை.

கிள்ளை தாண்டினால் சிக்னல் போய்விடும். அதுதான் பெரிய பிரச்சினை. ஒருநாள் சரியாக அங்கே போர் உச்சத்தில் இருந்தது போலிருக்கிறது. லேமினேஷன் எழுந்து நின்று பெட்டியே அதிரக் கத்தினார்.

"சாவாத! இரு! வரேன்!"

எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "ஐயோ, யாருப்பா அது? எந்த ஆஸ்பத்திரி?"

"பாதாளக் கோட்டைங்க."

"அது எங்க, புவனகிரி தாண்டியா?"

அந்த அம்மா முகம் தெரியாத அந்த நோயாளிக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பரங்கிப்பேட்டையில் இறங்கிப் போனார். மறுவாரம் வந்து, "பொழச்சாரா?" என்று விசாரித்தார். "பொழச்சிட்டாங்க" என்றார் லேமினேஷன் மிகுந்த மரியாதையோடு. இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

வைத்தியம் என்றால் ஆள் பார்த்து அல்ல. ஒருதரம் அவர் சேர்ந்திருந்த கூட்டம் ஒரு ராட்சத ஆமையைச் சாயங்காலம் முழுக்க அடித்து, சாகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. கடைசி அடி பாக்கி. லேமினேஷன் போய் ஆமைக்கு வைத்தியம் பார்த்துவிட்டார். ஆமை எழுந்து மொத்தப் பேரையும் மிதித்துக் கொன்றது.

"அது என்னையே பாத்துச்சு மச்சான்" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

கூட்டத்திலிருந்து துரத்திவிட்டார்கள். அவர் தனியாக ஒரு கூட்டம் தொடங்கினார். 'நெய்தல் படை' என்று பெயர். முழுக்கத் தமிழ் ஆட்கள். படைக்கு இரண்டே சட்டம். கூப்பிட்டவனைச் சாக விடக்கூடாது. யாரும் யாருடைய நிஜப் பெயரையும் கேட்கக்கூடாது. மாமா, மச்சான், அக்கா, தங்கச்சி, அவ்வளவுதான்.

"இது என்னா மாமா சட்டம்?" என்றேன்.

"பேரைக் கேட்டா அடுத்து ஊரைக் கேப்பாங்க. ஊரைக் கேட்டா எந்தத் தெருன்னு கேப்பாங்க. தெருவைச் சொல்லிட்டோம்னு வை, அப்புறம் யாரும் யாருக்கும் வைத்தியம் பாக்க மாட்டாங்க."

 அன்றுதான் இந்த ஆளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மாலை முகம் செத்துப்போய் ரயிலேறினார். "சர்வரை நிறுத்தப் போறாங்களாம் மச்சான்."

பக்கத்து சீட்டுப் பெரியவர் உடனே, "அடப்பாவமே, எந்த ஓட்டல்லங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லேமினேஷன் சிரிக்கவில்லை.

விளையாட்டை நடத்தும் கம்பெனிக்கு லாபமில்லையாம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்ச் சாப்பாட்டு வேளையில், மொத்தத்தையும் அணைத்துவிடுவார்களாம். போர், கோட்டை, ஆமை எதுவும் மிஞ்சாது. எனக்கு ஒரு படம் தியேட்டரை விட்டுப் போவது போலத்தான் தோன்றியது. அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"இத்தினி வருஷம் கூடவே இருந்திருக்காங்க. ஒருத்தர் மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது, நம்பரு தெரியாது. அன்னிக்கு அணைச்சிட்டா அவுங்கள நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

"சட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு நம்பரைக் கேளுங்க."

"போட்டவனே மீறுனா அது சட்டமா?"

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பெரிய நாடுகளில் இந்த விளையாட்டு ரசிகர்கள் வேடம் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் கூடுவார்களாம். பெயர் கேட்கத்தானே தடை? முகம் பார்க்கத் தடையில்லையே! மஞ்சக்குப்பம் மைதானத்தையே பிடிக்கலாம் என்றார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலோடு நிறுத்தினேன். விளையாட்டுக்குள்ளேயே படைக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஆனால் ஃப்ளெக்ஸை நிறுத்த முடியவில்லை. வடிவமைப்பு அவரே. 'நெய்தல் படை நடத்தும் மாபெரும் மாநாடு! சர்வரை நிறுத்தாதே! வீரர்களே, திரண்டு வாரீர்! சைவச் சாப்பாடு உண்டு.'

கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று கட்டினார். மறுநாளே கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"என்னாங்க படை? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லீங்க சார். வைத்தியம் பாக்குறதுதான் நம்ம வேலை."

"ஆயுதம் ஏதாவது உண்டா?"

"நெறைய இருக்குங்க சார். எல்லாம் சர்வர்கிட்டதான் இருக்கு."

"எந்த ஓட்டல் சர்வர்?" என்று போலீஸ்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருக்கு விளங்கவைத்து அனுப்புவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. போகும்போது தன் ஐ.டி. கார்டை லேமினேட் செய்துகொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லேமினேஷன் வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கோலோடு ஹால் வாசலில் நின்றார். மேசை மேல் படையினரின் விளையாட்டுப் பெயர்கள் போட்ட அட்டைகள், எல்லாம் லேமினேட் செய்தவை. நாற்காலிகள் காலியாக இருந்தன. நேரம் போகப் போக அவர் கோலை இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். "வருவாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "வராட்டியும் தப்பு இல்ல" என்றார். 

அப்போது தெருமுனையில் ஒரு கூட்டம் தெரிந்தது. லேமினேஷன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மெரூன் சட்டை, தோளில் துண்டு. முன்னால் வந்த நரைத்த தலைக்காரர் கும்பிட்டார்.

"ஃப்ளெக்ஸைப் பாத்துட்டு வரோங்க. நாங்க எல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டல்ல சர்வரா இருக்கோம். எந்த ஓட்டல்ல நிறுத்துறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, நேரா போய்க் கேட்டுருவோம். நமக்குன்னு மாநாடு போட இந்த ஊர்ல ஒரு மனுஷன் இருக்காரே, அதுவே போதும்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. லேமினேஷன் அவர்களை உட்காரவைத்து, சர்வர் என்றால் ஒரு மெஷின் என்று நிதானமாக விளக்கினார். அதற்குள் சிலர் பெயர் தெரியாமல் வாழ்கிறார்கள், இன்று மத்தியானம் அதை நிறுத்துகிறார்கள் என்றார். நரைத்த தலைக்காரர் யோசித்தார்.

"அதுவும் நம்மளப் போலத்தான். எல்லாருக்கும் கொண்டாந்து குடுக்குது, பேரை யாரும் கேக்குறது இல்ல. இருந்துட்டே போறோம்."

லேமினேஷன் அவர்களுக்கும் அங்கேயே 'சர்வர்' என்று அட்டை போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் படை வந்தது. பரங்கிப்பேட்டைப் பேச்சு மணக்க, கறுப்பு புர்காவில் ஓர் அம்மா வந்து மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். 'இடிமுழக்கம்'. படையின் முதல் வாள். பெயரைக் கேட்டாலே பூதங்கள் நடுங்கும் ஆள். ஆறடி உயரமும் கடா மீசையுமாக லேமினேஷன் மனதில் வைத்திருந்த ஆள்.

"வைத்தியர் மாமாவா?" என்றார் அந்த அம்மா. கையில் ஒரு டப்பா. "தம்ரூட் செஞ்சு எடுத்தாந்தேன், எங்க வூட்டு ரவை இனிப்பு. ஊருக்கெல்லாம் முட்டை போட்டது. இது உங்களுக்குன்னு முட்டை இல்லாம."

லேமினேஷன் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். அட்டைக் கிரீடம் வைத்த பாங்க் காசாளர், சைக்கிள் டியூபில் கவசம் செய்து மாட்டிய லாரி டிரைவர், நெய்வேலி பஸ்ஸில் இறக்கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்த கல்லூரிப் பெண். வந்தவர் எல்லாரும் முதலில் அந்த வெள்ளை அங்கியிடம் போய் நின்றார்கள். "அன்னிக்குப் பனிமலையில நீங்க வராட்டி..." என்று ஒருவர். "எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் கேமுக்குள்ள வந்து சும்மா உக்காந்திருப்பேன், நீங்களும் பேசாம பக்கத்துல உக்காந்திருப்பீங்களே" என்று இன்னொருவர். நான் தினமும் எதிரே உட்கார்ந்து முழங்கால் இடித்துக்கொள்ளும் மனிதர் இவர்தானா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. 

சாப்பாட்டு வேளை வந்தது. வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளையாட்டைப் பெரிதாகக் காட்டினார்கள். எல்லாரும் மொபைலோடு உள்ளே போனார்கள். ஒரு கடற்கரை. நெய்தல் படை வரிசையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கரைக்கு வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். பத்தாக, நூறாக, மணல் தெரியாத அளவுக்கு. எங்கெங்கோ நாட்டுக்காரர்கள். எந்தக் காலத்திலோ, எங்கேயோ விழுந்து கிடந்தபோது ஒரு பச்சை வெளிச்சம் வந்து எழுப்பிவிட்டதே, அதை மறக்காதவர்கள். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில் திரை முழுக்க ஏதேதோ ஓடியது. நன்றி என்பதைத் தவிர அது வேறென்ன?

கடைசியாகக் கடலிலிருந்து அந்த ராட்சத ஆமை ஏறி வந்தது. இடிமுழக்கத்தின் கட்டைவிரல் வாள் பொத்தான் மேல் போனது. நின்றது. விரலை எடுத்துவிட்டார். அத்தனை பேர் இருந்த அந்தக் கரையில் யாரும் அடிக்கவில்லை. வைத்தியர் ஆமையின் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினார். பச்சை வெளிச்சம் அடித்தது. வேட்டி வெறும் வேட்டியாகிவிட்டது.

 லேமினேஷன் யாரையும் பேரோ நம்பரோ கேட்கவில்லை. கேட்க மாட்டார், சட்டம் அல்லவா? கோலை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் இப்படியே எழுந்து போய்விடுவார்களோ என்று எனக்குப் பதறியது.

"மாமா," என்றார் இடிமுழக்கம். "கேக்கத்தானே கூடாது? சொல்லலாம்ல? எம் பேரு பாத்திமா."

"நான் செல்வம்" என்றார் டியூப் கவசம். "அருள்மொழி" என்றன இறக்கைகள். ஹாலைச் சுற்றி ஒவ்வொரு பெயராக வந்தது. மெரூன் சட்டைகளும் சொன்னார்கள். ஊரை யாரும் கேட்கவில்லை. லேமினேஷன் வாயைத் திறந்தபோது, "நீங்க வேணாம் மாமா, நீங்க வைத்தியர்தான்" என்று எல்லாரும் கத்திவிட்டார்கள். அதனால் அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அப்புறம் நரைத்த தலைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இலையைப் போடுங்கப்பா" என்றார். அப்படிப் பரிமாறி நான் பார்த்ததில்லை.

அன்றே வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'சர்வர்'. காலையில் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் என்ன டிபன் என்ற செய்தியோடு அது விழித்துக்கொள்கிறது. இதுவரை நிற்கவில்லை.

திங்கட்கிழமைப் பாசஞ்சரில் லேமினேஷன் மொபைலை எடுத்தார், பார்த்தார், பைக்குள் வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கட்டைவிரல்கள் மட்டும் சும்மா அசைந்துகொண்டிருந்தன. கிள்ளை தாண்டியதும் எனக்கு லேசாக இருமல் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாவாத. இரு. வரேன்" என்று சொல்லிக்கொண்டே பையைத் துழாவி வெந்நீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து கிள்ளை தாண்டினாலே எனக்கு இருமல் வந்துவிடுகிறது. டாக்டரிடம் காட்டவில்லை, காட்டுவதாகவும் இல்லை.